ஒன்பதாம் தொட்டியும் என் இடது காலும்

இந்த வருடம் நான் வண்டி ஓட்டப் போவதில்லை.

இதை முதலில் எங்கள் வீட்டுக் கோழிகளிடம்தான் அறிவித்தேன். ஒன்றுகூட எதிர்த்துப் பேசவில்லை. அந்தத் தெம்பில், வேலிக்கு அந்தப் பக்கம் தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த அபூல்ஸிடமும் அறிவித்தேன்.

"இந்தத் தடவை திருவிழாவுக்கு ஃபிலிடாதான் வண்டி ஓட்டுவா. நான் குடிப்பேன்."

அபூல்ஸ் குழாயை மூடினான். "இது ஃபிலிடாவுக்குத் தெரியுமா?"

"சொல்லப் போறேன்."

"எப்போ?"

"அவ நல்ல மனநிலையில இருக்கிறப்போ."

"அப்போ இந்த வருஷம்னு சொல்லாத" என்று குழாயைத் திரும்பத் திறந்தான்.

எங்கள் கிரான்ஸ்டால் பள்ளத்தாக்கில் வசந்தம் வந்தால் ஒயின் திருவிழா வந்துவிடும். ஒரு பெரிய பண்ணையின் ஓக் மரங்களுக்கு அடியில் ஒயின் செய்கிற எல்லாக் கிடங்குக்காரர்களும் மேசை போட்டுத் தங்கள் ஒயினை ஊற்றுவார்கள். நடுநடுவே அடுப்புகள், மீன், ஆடு, ரொட்டி, கிடார். வாசலில் ஆளுக்கொரு கண்ணாடிக் கிளாஸைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டுவார்கள். வண்டிக்கு ஒருவருக்கு மட்டும் மணிக்கட்டில் மஞ்சள் பட்டை. மஞ்சள் பட்டை என்றால் ஓட்டுநர். ஓட்டுநருக்கு யாரும் ஒயின் ஊற்ற மாட்டார்கள். திராட்சை ஜூஸ் ஊற்றுவார்கள், கூடவே ஓர் அனுதாபச் சிரிப்பும். திரும்பும்போது போலீஸ்காரர் ஒரு மிஷினை நீட்டி ஊதச் சொல்வார். வருடா வருடம் ஊதியிருக்கிறேன். என் ஆசைக்கு நானே ஊதிய சங்கு அது.

ஃபிலிடாவுக்கும் லைசென்ஸ் இருக்கிறது. என்னைவிட நன்றாக ஓட்டுவாள். ஆனால் திருவிழா அன்று மட்டும் அவளுக்கு ஏதாவது வந்துவிடும். ஒரு வருடம் அவள் தங்கை வந்தாள். "அவ எதிர்ல நான் ஜூஸ் குடிச்சா, என்னவோ நீ என்னைக் கஷ்டப்படுத்தறேன்னு நினைச்சுக்குவா." அடுத்த வருடம் புதுச் செருப்பு வந்தது. "இதப் போட்டுக்கிட்டு கிளட்ச் மிதிக்க முடியாது." போன வருடம் காரணம்கூட வரவில்லை. வாசலில் மெல்ல என் கையைப் பிடித்தாள். ஆசையாகத்தான் பிடிக்கிறாள் என்று நானும் கொடுத்துவிட்டு நின்றேன். அவள் கையை விட்டபோது என் மணிக்கட்டில் மஞ்சள் பட்டை இருந்தது.

இதுவரை பொறுத்தேன். இனி முடியாது. காரணம், ஒன்பதாம் தொட்டி.

நான் கிடங்கில் இரவு வேலைக்காரன். அறுவடைக் காலத்தில் சிவப்பு ஒயின் தொட்டியில் பழத்தோல் நுரைத்துக்கொண்டு மேலே மிதந்து வரும். அதைக் கட்டையால் அமுக்கி அமுக்கி உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் ஒயின் கெட்டுவிடும். போன வருட அறுவடையில் ஒன்பதாம் தொட்டி என் பொறுப்பு. ஊர் முழுக்கத் தூங்கும்போது நானும் அதுவும் மட்டும் விழித்திருந்தோம். ஃபிலிடாவிடம் பேசியதைவிட அதனிடம் அதிகம் பேசியிருக்கிறேன். அது குறுக்கே பேசாது. குமிழி விடும், அவ்வளவுதான்.

பிறகு அதைப் பீப்பாயில் ஏற்றினார்கள். முதலாளி அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். இந்த வசந்தத்தில் திறந்து ருசி பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். இப்படி ஒரு பினோடாஜ் சிவப்பு ஒயின் இந்தக் கிடங்கில் இறங்கியதே இல்லையாம். உடனே மொத்தத்துக்கும் கப்பல் பேசிவிட்டார். எல்லாம் வெளிநாட்டுக்கு. இங்கே விற்பனை கிடையாது. திருவிழா அன்று மட்டும் சில பாட்டில் உடைத்து ஊற்றுவார்கள், நாக்கில் படுகிற அளவு.

தாலாட்டி வளர்த்தவன் நான். அதன் கல்யாணத்தில் பந்தலுக்கு வெளியே நின்று ஜூஸ் குடிக்க வேண்டுமா? மாட்டேன்.

"அப்போ காலைச் சுளுக்கிக்கோ" என்றான் அபூல்ஸ், தக்காளியைப் பார்த்துக்கொண்டே. "இடது கால். கிளட்ச் காலு. உங்க வண்டி கிளட்ச மிதிக்க நல்ல காலுக்கே மூச்சு வாங்கும்."

அபூல்ஸ் அதிகம் படிக்காதவன். ஆனால் அன்று அவனுக்கு யாராவது பட்டம் கொடுத்திருந்தால் நான் கை தட்டியிருப்பேன்.

நான் எதையும் திட்டம் போட்டுச் செய்கிறவன். முதல் நாளே சுளுக்குக்குச் சுற்றுகிற எலாஸ்டிக் கட்டு வாங்கி வைத்துவிட்டேன். திருவிழா அன்று விடிந்ததும் கொட்டகைக்குள் போய், கணுக்காலில் இறுக்கமாகச் சுற்றி, நுனியைப் பின் குத்தி, அதன் மேல் பேண்டை இறக்கிவிட்டுக்கொண்டேன். ஒரு சுருக்கமும் இல்லாமல் அழகாக வந்திருந்தது. அப்புறம் பின்வாசல் படிக்கு வந்து விழுந்தேன். சத்தம் வேண்டுமே என்று ஒரு தகர வாளியையும் கூட இழுத்துக்கொண்டு விழுந்தேன்.

ஃபிலிடா காபிக் கோப்பையோடு வந்தாள். கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

"என்ன ஆச்சு?"

"விழுந்துட்டேன்."

"வாளியோடயா?"

"வாளி தடுக்கித்தான்."

"எந்தக் கால்?"

"இடது."

குனிந்து பேண்டை லேசாகத் தூக்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். திரும்ப இறக்கிவிட்டாள்.

"ரொம்ப வலிக்குதா?"

"உயிர் போகுது ஃபிலிடா."

"அடப் பாவமே." ஒரு வாய் காபி குடித்தாள். "வீட்லயே இருந்துடலாமா?"

"சேச்சே. என்னால உன் சந்தோஷம் கெடக் கூடாது."

"அதுவும் சரிதான். அப்போ நானே ஓட்டறேன்."

அவ்வளவுதான். அவள் மறுத்தால் சொல்ல ஒரு பேச்சே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதில் கண்ணீர் விடும் இடம்கூட ஒன்று இருந்தது. எல்லாம் வீண். கல்யாணமான ஆணுக்கு ஒன்று இவ்வளவு சுலபமாகக் கிடைத்தால் பயப்பட வேண்டும். நான் பயப்படவில்லை. நொண்டிக்கொண்டே போய் வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டினேன். சிவப்பு ஒயின் ஒரு சொட்டு பட்டாலும் ஊருக்கே தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் வெள்ளை.

வாசலில் ஹர்மான்ஸ் மாமா பட்டைகளோடு உட்கார்ந்திருந்தார். "யாரு ஓட்டறது?" என்று கேட்டுக்கொண்டே பழக்கதோஷத்தில் என் கையைப் பிடித்தார்.

"நான்தான் மாமா" என்றாள் ஃபிலிடா, கையை நீட்டி.

ஹர்மான்ஸ் மாமா என்னைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு மஞ்சள் பட்டையை அவள் கையில் போட்டு அழுத்தினார். என் கழுத்தில் கிளாஸ் ஏறியது. மாலை போட்டுக்கொண்ட மாப்பிள்ளைக்குக்கூட நெஞ்சு அப்படி நிமிர்ந்திருக்காது.

"ஒன்பதாம் தொட்டி எங்க?" என்றேன்.

"அதோ, கடைசி மேசை. ஆனா நீ நடக்கக் கூடாது. கால் வீங்கிடும்." மீன் சுடும் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வைக்கோல் கட்டின் மேல் என்னை உட்கார வைத்தாள். "அசையாம இரு. நான் போய் வாங்கிட்டு வர்றேன்."

என் கிளாஸையும் வாங்கிக்கொண்டு போனாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பெண்ணையா சந்தேகப்பட்டோம் என்று நினைத்தேன். மீன் புகையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

திரும்பி வந்தாள். கிளாஸ் காலி. தட்டில் ஸ்னூக் மீன், மேலே ஆப்ரிகாட் பழ ஜாம் தடவிச் சுட்டது.

"ஒயின்?"

"தர மாட்டேங்கறாங்க ஈசாக். பட்டையக் காட்டறாங்க. வேற ஆளுக்கு வாங்கறேன்னு சொன்னேன். வருஷா வருஷம் எல்லா டிரைவரும் இதையேதான் சொல்றாங்கன்னு சிரிக்கறாங்க. நீ மீனச் சாப்பிடு, சூடா இருக்கு."

சாப்பிட்டேன். அடுத்த மேசைக்குப் போனாள். தணலில் சுட்ட ரொட்டியோடு வந்தாள். அதற்கடுத்து ஆட்டுக்கறியும் குளத்தில் பறித்த நீர்ப்பூவும் போட்ட குழம்போடு வந்தாள். "பாவம், இங்கயும் தரல. இதையாவது சாப்பிடு." தொண்டையை ஒயினுக்காகத் திறந்து வைத்திருந்தேன். வந்ததெல்லாம் ஆடு. திருவிழாவில் பாதியைத் தின்று முடித்திருந்தேன். ஒரு சொட்டு நனையவில்லை.

தூரத்தில் கடைசி மேசைக்கு முன்னால் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். ஒருவர் கிளாஸைத் தூக்கி வெயிலில் பிடித்தார். என் இரவுகள் அத்தனையும் அந்தக் கிளாஸுக்குள் சிவப்பாக நின்றன.

எழுந்தேன்.

"எங்க?"

"நானே போறேன்."

"காலு?"

"காலு போனாப் போகட்டும். இன்னொண்ணு இருக்கு."

"இரு இரு, எதுக்கு அவசரம்" என்று ஃபிலிடா யாருக்கோ கை காட்டினாள்.

முதலுதவிக் கூடாரத்திலிருந்து ஒரு சக்கர நாற்காலி வந்தது. தள்ளிக்கொண்டு வந்தது நர்ஸ் எவோடியா அக்கா. இந்தப் பள்ளத்தாக்கில் எவோடியா அக்காவின் ஊசியைப் பார்க்காத இடுப்பு கிடையாது. குதிரைகூட அவளைக் கண்டால் திரும்பி நிற்கும்.

"உட்காரு" என்றாள். உட்கார்ந்தேன்.

"எங்க வலி?"

"இங்க."

அழுத்தினாள். கத்தினேன்.

"நான் இன்னும் அழுத்தவே இல்ல. பேண்டைத்தான் தொட்டேன்."

"அவ்வளவு வலி அக்கா."

"அப்படின்னா பெரிய மாத்திரைதான்." இரண்டு மாத்திரையை என் வாயில் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். என் மணிக்கட்டில் ஒரு நீலப் பட்டையைப் போட்டு அழுத்தினாள். "மருந்து சாப்பிட்டவங்களுக்கு இது. இன்னிக்கு ஒரு சொட்டு ஒயின் கூடாது. எந்த மேசையிலயும் ஊத்த மாட்டாங்க. பயப்படாத."

நான் பயந்ததே அதற்குத்தான் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

மாத்திரை நாக்குக்கு அடியில் கசந்துகொண்டிருந்தது. ருசி பார்க்கிறவர்கள் ஒயினைத் துப்புவதற்கென்று ஒவ்வொரு மேசைக்கும் பக்கத்தில் வாளி வைத்திருப்பார்கள். எவோடியா அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஒரு வாளியில் அதைத் துப்பினேன். பக்கத்தில் நின்ற ஒரு பெரிய மனிதர், "அவ்வளவு மோசமா?" என்று கேட்டுவிட்டு அந்த மேசையை விட்டே நகர்ந்துபோனார்.

கடைசி மேசை வந்தது. முதலாளி என்னைப் பார்த்ததும் பாட்டிலை எடுத்தார்.

"ஈசாக்! வா வா. நீ அமுக்கின தொட்டிதான்பா இது. நீட்டு கிளாஸ."

நீட்டினேன். பாட்டில் சாய்ந்தது. வாயோரம் சிவப்பு வந்து நின்றது. அப்போது அவர் கண் என் மணிக்கட்டில் பட்டது. பாட்டில் நிமிர்ந்துவிட்டது.

"மருந்தா? அடடா. உன் உடம்பு முக்கியம்பா."

இத்தனை வருடத்தில் என் உடம்பைப் பற்றி முதலாளி கவலைப்பட்டது அதுவே முதல் தடவை. அதற்கு இந்த நேரம்தானா கிடைத்தது?

ஃபிலிடாவைப் பார்த்தேன். மிகுந்த இரக்கத்தோடு என் தோளைத் தட்டினாள்.

மனிதனுக்குப் பின்வாங்க இடமில்லாமல் போகும்போது ஒன்று அழுவான், இல்லை எழுவான். நான் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

"என் காலுக்கு ஒண்ணுமில்ல" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "சுளுக்கு இல்ல. மாத்திரையும் முழுங்கல. துப்பிட்டேன். பட்டைய வெட்டுங்க அக்கா."

எவோடியா அக்கா அசையவில்லை. "எல்லாக் குடிகாரனும் இதையேதான் சொல்லுவான்."

"நான் இன்னும் குடிக்கவே இல்லையே."

"குடிக்காமயே இப்படிப் பேசினா இன்னும் மோசம். வாயத் தொற."

திறந்தேன். நாக்கைத் தூக்கிப் பார்த்தாள். மாத்திரை இல்லை என்பது இருவருக்கும் சாதகமாகத்தான் இருந்தது.

"முழுங்கினியோ துப்பினியோ, யாருக்குத் தெரியும். காலு நல்லா இருக்குன்னா காட்டு. ஆடு பாப்போம்."

பக்கத்தில் கிடார்க்காரர்கள் ரீல் வாசித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ரீல் ஆட்டம் முழங்காலுக்குக் கீழேதான். இடுப்புக்கு மேலே மனிதன் சர்ச்சில் நிற்பது போல நிற்க வேண்டும். கீழே கால்கள் மட்டும் மண்ணைப் பிராண்டி, குத்தி, புழுதி கிளப்ப வேண்டும். சுளுக்கின காலால் ஓரடி வைக்க முடியாது.

கட்டை அவிழ்த்து எறிந்தேன். ஆடினேன்.

சும்மா சொல்லக் கூடாது, அன்று ஆடினது ஆட்டம். வருடா வருடம் குடித்த ஜூஸ் அத்தனையும் காலில் இறங்கி ஆடியது. புழுதியில் என் வெள்ளைச் சட்டை பழுப்பானது. கிடார்க்காரன் வேகத்தைக் கூட்டினான். இடது காலைத்தான் அதிகம் போட்டேன், சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாதே. கூட்டம் கூடிவிட்டது. மற்ற மேசைகள் காலியாகி எல்லோரும் இங்கே வந்து கை தட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு ஆடினேன். இது எனக்கும் ஒன்பதாம் தொட்டிக்கும் நடுவே இருக்கிற கடைசி வேலி. உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

பாட்டு நின்றது. எவோடியா அக்கா கத்தரியை எடுத்து நீலப் பட்டையை வெட்டினாள்.

"காலு பிரமாதம்" என்றாள். "தலைக்கு வேற டாக்டரைப் பாரு."

பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். வெற்றுக் கை. கழுத்தில் கிளாஸ். மேசையைப் பார்த்துத் திரும்பினேன். அதற்குள் பின்னாலிருந்து யாரோ என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஹர்மான்ஸ் மாமா.

"என்னா ஆட்டம்டா ஈசாக். வாசல்லேர்ந்தே பாத்தேன். ஃபிலிடா வந்து, 'அந்தக் காலப் பாருங்க மாமா, அது கிளட்ச் மிதிக்காதா?'ன்னு கேட்டா. கிளட்ச் என்ன, வண்டியவே மிதிச்சுத் தள்ளிடும்னேன். உண்மைதானே?"

குலுக்கின கையை விட்டார். மணிக்கட்டில் மஞ்சள் பட்டை.

"வண்டிக்கு ஒரு ஆள்தானே. நீ சொட்டுகூடத் தொடலைன்னு நர்ஸே சொல்லிட்டா. அதனால மாத்தறதுல சிக்கல் இல்ல."

மேசைக்குப் பக்கத்தில் ஃபிலிடா நின்றிருந்தாள். மணிக்கட்டு காலி. கையில் கிளாஸ், அது காலியில்லை. ஆழ்ந்த சிவப்பு.

"எப்போ கண்டுபிடிச்ச?" என்றேன்.

"விழுந்துட்டுக் கட்டு போடறவங்களப் பாத்திருக்கேன் ஈசாக். கட்டு போட்டுட்டு விழுந்தவன இன்னிக்குத்தான் பாத்தேன்."

"அப்போவே சொல்ல வேண்டியதுதானே?"

"நீ எவ்வளவு தூரம் போறேன்னு பாக்க வேண்டாமா? ஆனா நீ ஆடுவேன்னு நான் நினைக்கல. சத்தியமா. கல்யாணத்தப்போ ஆடினது, அதுக்கப்புறம் இப்பத்தான்."

நான் இளகவில்லை. "நான் ஓட்ட மாட்டேன். வண்டி இங்கயே கெடக்கட்டும். நான் குடிச்சுட்டு நடந்தே வீட்டுக்குப் போறேன்."

"போயேன். யாரு தடுத்தா?"

"மொதலாளி, ஊத்துங்க. பட்டையப் பாக்காதீங்க. என்னைப் பாருங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். பட்டையைப் பார்க்கவில்லை. நல்ல மனிதர். பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒன்றும் வரவில்லை. இன்னொன்றைக் கவிழ்த்தார். அதிலும் இல்லை.

"தீந்துபோச்சு ஈசாக். உன் ஆட்டத்தப் பாக்க வந்த கூட்டம் மொத்தமும் ஆளுக்கொரு வாய் கேட்டுது. இது யாரு தொட்டின்னு கேட்டாங்க. அதோ ஆடறானே, அவன் தொட்டின்னு பெருமையாச் சொன்னேன். இன்னொரு வாய் கேட்டாங்க. கடைசிக் கிளாஸ் உன் வீட்டுக்காரிக்குத்தான் போச்சு."

மெதுவாக ஃபிலிடாவின் பக்கம் திரும்பினேன்.

"ஒரு வாய்" என்றேன்.

"வெளிய போலீஸ் ஊதச் சொல்லுவாங்க."

"ஒரு வாய்க்கெல்லாம் அது காட்டாது."

"உனக்குக் காட்டும்."

கிளாஸை உயர்த்தினாள். ஒரே மூச்சில் இல்லை. நிதானமாக. நடுவில் ஒரு தடவை நிறுத்திக் கண்ணை மூடினாள். அப்படியே நின்றாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் அவ்வளவு நேரம் பேசாமல் நின்று நான் பார்த்ததில்லை. பிறகு மீதியையும் குடித்தாள். காலிக் கிளாஸை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாரு. அதுக்கு யாரும் ஊதச் சொல்ல மாட்டாங்க."

மோந்தேன். ஈரத் தரை இருந்தது. கட்டையின் பிடி இருந்தது. விளக்கைச் சுற்றுகிற பூச்சிகள், ஜன்னலுக்கு வெளியே யாரும் இல்லாத சாலை, எதற்கென்று தெரியாமல் நெஞ்சில் வந்து உட்காருகிற அந்தப் பாரம், எல்லாம் இருந்தன. அதற்கு மேல் ஏதோ ஒன்று இருந்தது, நான் அறியாதது. பழமா, புகையா? பிடிப்பதற்குள் மீன் அடுப்பின் புகை வந்து மூடிவிட்டது. அப்போதும் கிளாஸை விடவில்லை. அவள்தான் இழுத்து வாங்கினாள்.

நான் தோற்றேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மற்ற வருடங்களில் அந்தப் பட்டையை எதிர்ப்பில்லாமல் கட்டிக்கொண்டேன். இந்த வருடம் ஊர் பார்க்கப் போராடிக் கட்டிக்கொண்டேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. என்ன வித்தியாசம் என்று அபூல்ஸ் கேட்டால் சொல்ல யோசித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினேன்.

வாசலில் ஊதச் சொன்னார்கள். ஊதினேன். மிஷின் பூஜ்யம் காட்டியது. என்னைப் பற்றி அதற்கு யார் சொல்லியிருப்பார்கள்?

மலைச் சாலையில் ஏறினோம். கிளட்சை மிதிக்க மிதிக்க, ஆடின கால் இப்போது நிஜமாகவே வலிக்க ஆரம்பித்திருந்தது. அதை யாரிடம் சொல்ல? ஃபிலிடா செருப்பைக் கழற்றிவிட்டு, இருக்கையில் சாய்ந்து, எதையோ நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொண்டு வந்தாள். கேட்கக் கூடாது என்றுதான் வைராக்கியமாக இருந்தேன். முதல் வளைவு வரை இருந்தேன். இரண்டாவது வளைவு வரையும் இருந்தேன்.

"எப்படி இருந்துச்சு?"

"எது?"

"ஒன்பதாம் தொட்டி."

ஃபிலிடா கண்ணை மூடிக்கொண்டாள். என் பக்கம் கையை நீட்டி, மஞ்சள் பட்டைக்கு மேலே அன்பாக வைத்துக்கொண்டாள்.

"அதெல்லாம் சொன்னாப் புரியாது ஈசாக். குடிச்சுப் பாத்தாத்தான் தெரியும்."